சீட்டுக்கட்டு விற்ற கம்பெனி

மூதூரில் வேலை இருக்கிறதென்று யாரோ சொன்னதால் திருகோணமலை இறங்குதுறையில் படகேறினேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள்.

"அந்தப் பெரிய வீடியோ கேம் கம்பெனி முதல்ல சீட்டுக்கட்டுத்தான் வித்ததாம்," என்றார் அவர்.

"அதை என்ர நானாட்டச் சொல்லிப்போடாதீங்க," என்றாள் மனைவி, தன் அண்ணனைச் சொல்லி. "கடை போடத் தன்ர வீட்டு முன்னறையைக் கேக்க வந்த மனிசன் சூதாட்டக் கதை கதைக்கிறார் எண்டுவார்."

"முழுக்கக் கேளு புள்ள. பிறகு டாக்சி ஓட்டினாங்க, சோறு வித்தாங்க. ஒண்டும் சரிவரல்ல. அதுக்குப் பிறகுதான் கேம்."

"நீங்களும் மீன் வித்தீங்க, கோழி வளத்தீங்க. இப்ப போன் திருத்துற கடை. அவங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

அவர் விரல்விட்டு எண்ணினார். "துவங்கினவர்ர பேத்தியின்ர மகன் வரவேண்டியிருந்தது."

"அவ்வளவு காலத்துக்கு நானா அறை தரமாட்டார்."

மூதூர்க் கரை தெரிந்தது. அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டு தரமும் பாதியில் நின்றுவிட்டார்.

"நீங்க நானா வீட்டுக் கதிரையில குந்தித் தேத்தண்ணியக் குடியுங்க," என்றாள் அவள். "சீட்டுக்கட்டை விட்டிட்டு மிச்சக் கதைய நான் சொல்லுறன்."