ஒரு கையால் நிறுத்திய காவிரி

காவிரியை நான் ஒரு கையால் நிறுத்தியிருக்கிறேன். மற்றொரு கையில் டீ டம்ளர் இருந்தது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிரிக்காதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. எழுதிக்கொள்ளுங்கள்.

வலங்கைமான் பக்கம் முப்பத்தெட்டு வருஷம் மதகு லஸ்கர். தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் என் கை. வருண பகவானே என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பெய்வார். ஓய்வு பெற்ற அன்று எல்லாவற்றையும் ஒப்படைத்தேன், மதகுச் சாவியைத் தவிர.

சினிமாக்காரர்கள் எங்கள் ஊர் ஆற்றுக்கு வந்தபோது இதையெல்லாம் ஆசையாகச் சொன்னேன். கதாநாயகன் பரணிதரன் நல்ல பிள்ளை. நாற்காலி போடச் சொல்லி உட்காரவைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, "காவிரி என்ன உங்க வீட்டுக் குழாயா, பெரியவரே? நிறுத்திக் காட்டுங்க, அப்ப நம்புறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சமையலுக்கு வந்திருந்த எங்கள் ஊர் ராஜாத்திகூட, "ஐயாவு அண்ணன் கதைவிட ஆரம்பிச்சா தண்ணி மேட்டுல ஏறுமுங்க" என்றாள்.

பாலத்திலிருந்து அவர் தலைகீழாகக் குதிக்கும் காட்சி. காலையில் மூங்கில் விட்டு அளந்தார்கள்: ஒன்பது அடி. ஒத்திகையில் குதித்து, மீன் மாதிரி எழுந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு படம் எடுப்பது என்று முடிவாயிற்று.

காலை அளவை மதியத்துக்கு நம்புகிறவன் டெல்டாக்காரன் இல்லை. இங்கே சின்னக் குழந்தைகூட இறங்குமுன் பாலத்துச் சுவரில் எழுதிய அடிக்கணக்கைப் பார்க்கும். அவர்கள் பார்க்கவில்லை. அவர்கள் இலையில் உட்கார்ந்ததும் நான் சைக்கிளில் மேல்மதகுக்குப் போய் ஷட்டரை இறக்கினேன். இரண்டு கையாலும்தான், டீ குடித்தது திரும்பி வந்த பிறகு. அது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது.

தண்ணீர் வடிய ஒரு மணி நேரம். சுவரில் மூன்றடி காட்டியது. கலங்கல் தண்ணீர், மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்பதும் ஒன்றுதான். அவர் ஆற்றைக் கும்பிட்டுவிட்டுத்தான் குதித்தார். சத்தம் போட நேரம் இருந்தது. ஆனால் சொல்லியிருந்தால் குதித்திருக்கமாட்டார். குதிக்காவிட்டால் எப்படி நம்புவார்?

கழுத்தெலும்பு முறிந்துபோயிற்று. முப்பத்தோரு வயது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து இறந்தார். எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். உதடு மட்டும் அசைந்தது. காதருகே குனிந்து, "தம்பி, நான்தான் அடைச்சேன்" என்றேன். கண் என் மேலேயே இருந்தது. நல்ல பிள்ளை என்றேனே, வாக்குத் தவறவில்லை. உதட்டாலேயே சொன்னார்:

"நின்னுச்சுங்க, பெரியவரே."