காக்களூர் ஜப்பானிய வகுப்பின் முதல் பாடம்

உழைப்புக்கும் ஊருக்கும் உறுதுணையாய் நின்று, இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் ஐயா தேசப்பன் அவர்களே! முழங்கால் வலியோடும் முன்வரிசைக்கு வந்திருக்கும் பெரியோர்களே! ஷிப்ட் முடிந்த களைப்போடு வந்த தோழர்களே! தாய்மார்களே, அவர்களில் என்னைப் பெற்றெடுத்த ஆரோக்கியமேரி அம்மாவே! ஜப்பானிய மொழி வகுப்பைத் தொடங்கிவைக்க வந்த மெர்சியின் வணக்கம்!

எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். பணம் கொட்டியா? பட்டணம் போயா? இல்லை! கடம்பத்தூரிலிருந்து தேர்வாய் கண்டிகை போகும் கம்பெனி பஸ்ஸில், கடைசி சீட்டில், தோழி செல்வியோடு படித்தேன். கைப்பேசியில் பாடம், காதில் பேச்சு, டிபன் பாக்ஸ் மூடியில் எழுத்துச் சீட்டு. எழுத்தைப் படிக்காமல் மூடியைத் திறக்கக் கூடாது! சிரிக்காதீர்கள் அண்ணா, பல நாள் சோறு ஆறித்தான் போனது.

எண்ணூறு சொல் தெரிந்த திமிரில் ஜப்பான் பயிற்சிக்கான தேர்வுக்குப் போனேன். ஜப்பானிய அதிகாரி ஓர் இயந்திரப் பாகத்தைப் பூட்டும் முறையைத் தன் மொழியில் விளக்கி, "புரிந்ததா?" என்றார். பாதி புரியவில்லை. ஆனால் நாம் யார்? சூப்பர்வைசர் எது சொன்னாலும் தலையாட்டியே பழகிய கூட்டம்! ஆட்டினேன். தலைகீழாகப் பூட்டினேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பஸ்ஸில் அழுதேன். செல்வி விட்டாளா? "இன்னாடி, எண்ணூறு வார்த்த கத்துக்கினு, புரியலன்ற ஒரு வார்த்த வாயில வரலியா?" என்றாள்.

வகரிமசென்! புரியவில்லை என்று பொருள். மறு ஆண்டு, வயது வரம்பில் எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அதே அதிகாரி, அதே கேள்வி. வகரிமசென் என்றேன். திரும்பச் சொன்னார். மறுபடியும் வகரிமசென் என்றேன். பேனா எடுத்துப் படமே வரைந்து காட்டினார். பூட்டினேன், தேர்வானேன்! வரும் செவ்வாய்க்கிழமை விமானம். மூன்று ஆண்டுப் பயிற்சி.

புத்தகம் வாங்குங்கள், பாட்டுக் கேளுங்கள், பஸ்ஸில் பேசுங்கள். ஆனால் தலையாட்டாதீர்கள்! தெரியாததைத் தெரியாது என்பது தலைகுனிவா? இல்லை! புரியாததைப் புரியவில்லை என்பது புத்திக்குறைவா? இல்லவே இல்லை! நான் சொன்னது புரிந்ததா?

அடடா, எல்லோரும் தலையாட்டுகிறீர்களே! என்னம்மா, நீ மட்டும் கையைத் தூக்குகிறாய்? அம்மாவிடம் மைக்கைக் கொடுங்கள்.

"எனக்குப் புரியல மெர்சி. ஜப்பானுக்குப் போவட்டுமான்னு நீ கேட்டப்ப தலைய ஆட்டிட்டேன். மூணு வருசம்னா எத்தினி கிறிஸ்மஸ்? இன்னொரு தபா சொல்லு."

மூன்று, அம்மா. மூன்று கிறிஸ்துமஸுக்கு நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

ஐயா தேசப்பன் அவர்களே, வகுப்புப் பதிவேட்டில் முதல் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்: ஆரோக்கியமேரி. முதல் பாடத்தை அவர் இப்போதே முடித்துவிட்டார்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், புரியவில்லை என்று சொன்ன என் தாய்க்கும் நன்றி. வணக்கம்!