ஒண்ணரைக் கட்டை கீழே

புதுசு: ...இல்லண்ணா, நான் தப்பா வாசிக்கல. உங்க பழைய ரெக்கார்டை வீட்டுல போட்டு, அதோட சேர்ந்து கீபோர்டு வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் வந்தேன். அச்சு பிசகாம ஒட்டுச்சு.

தம்பி: மெதுவா பேசு. கதவு சாத்தியிருக்கா?

புதுசு: சாத்தியாச்சு. அக்கா முகம் கழுவப் போயிருக்காங்க. போட்டோவுக்குப் போட்ட அவ்வளவு மையும் போகணும்ல... இங்க வந்து வாசிச்சா மட்டும் ஏன் ஒட்டல? சுருதியில நான் ஒருத்தி மேல நிக்கிறேன், நீங்க எல்லாரும் கீழ நிக்கிறீங்க. புது டிரம்மர்கூட டீ வாங்கப் போறப்ப என்னை முறைச்சிட்டுப் போறாரு.

தம்பி: அவன் மூஞ்சியே அப்படித்தான். பேய், இருட்டுன்னு பாடுற கோத்திக் பேண்டுன்னு சொன்னதும் வீட்டுலேர்ந்தே முறைச்சுக்கிட்டு வந்துட்டான்.

புதுசு: பேச்சை மாத்தாதீங்கண்ணா.

தம்பி: உன் கீபோர்டுல சுருதியை இறக்குற பட்டன் இருக்குல்ல?

புதுசு: இருக்கு.

தம்பி: அதை அமுக்கி ஒண்ணரைக் கட்டை இறக்கிடு. யார்கிட்டயும் மூச்சு விடாத.

புதுசு: ஒண்ணரைக் கட்டையா! நீங்க எல்லாரும் அவ்வளவு கீழயா இருக்கீங்க?

தம்பி: கத்தாத! ஒரே நாள்ல இறக்கல. முதல்ல ஒரு அரைக் கட்டை. கொஞ்ச வருஷம் விட்டு இன்னொரு அரை. அப்புறம் இன்னொண்ணு. கிடார் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்திக்கிட்டே வந்தேன். பேஸ் கிடார் வாசிச்ச பழைய ஆளும் கூட்டு. கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம இருந்துட்டு, மகளோட இருக்கேன்னு ஊருக்குக் கிளம்பிப் போயிட்டான். அவன் வேலையையும் உன் இடது கைதான் பார்க்கணும்.

புதுசு: அக்காவுக்குத் தெரியாதா?

தம்பி: எங்க தெரியப் போகுது? எல்லாரும் சேர்ந்து இறங்கிட்டா, பாடுறவ தானா இறங்கிடுவா. இதுவரைக்கும் நம்ம பேண்டுல கீபோர்டு கிடையாது, மாட்டவும் இல்ல. சத்தத்தைப் புதுசு பண்ணுவோம், கீபோர்டு போடுவோம்னு அவ ஆரம்பிச்சப்பவே மாட்டப் போறோம்னு தெரிஞ்சிடுச்சு.

புதுசு: எதுக்குண்ணா இந்தத் திருட்டு வேலை?

தம்பி: முதல் பாட்டு முடியுறப்ப அக்கா ஒரு கத்து கத்துவாளே, தெரியுமா?

புதுசு: தெரியாமலா? அதைக் கேட்டுட்டு எங்கம்மா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்துட்டாங்க.

தம்பி: ஒரு நாள் மேடையில அந்த உச்சி அவளுக்குச் சரியா எட்டல. காய்ச்சல்னு சொன்னா. நான் நம்பல. வயசாகுதுல்ல? தொண்டை மட்டும் அப்படியே இருக்குமா?

புதுசு: எட்டலன்னா என்ன? யாரு கேக்கப் போறா?

தம்பி: அவளே கேப்பா. பேண்டு ஆரம்பிச்சப்ப எல்லார் முன்னாடியும் சொன்னா, "இந்த உச்சி எனக்கு எட்டாத அன்னைக்கு மைக்கை வச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்"னு. சொன்னா செஞ்சுடுவா. அவ பிடிவாதம் உனக்குத் தெரியாது.

புதுசு: அதனால உச்சியையே கீழ இறக்கிட்டீங்க.

தம்பி: எட்டாத கிளையை வளைச்சுப் பிடிச்சுக் கொடுக்கிறதில்லையா? அப்படித்தான். அத்தான் இறந்தப்ப அவ ஒரு வருஷம் ஜன்னலோர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தா. பேச்சு இல்ல, சாப்பாடு இல்ல. கையைப் பிடிச்சு இந்த ரூமுக்கு இழுத்துட்டு வந்து மைக்கைக் கொடுத்தேன். அன்னைக்கு ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டா. திரும்ப அந்த நாற்காலிக்கு அவளை அனுப்ப என்னால முடியாதும்மா.

புதுசு: அண்ணா... ஒண்ணு சொல்லவா? எனக்கு இப்ப இருக்கிற சத்தம்தான் பிடிச்சிருக்கு. போன வருஷம் உங்க ஷோ பார்த்தேன். பழைய ரெக்கார்டுல பேய் கூரை மேல நின்னு கத்துது. இப்ப அதே பேய் பக்கத்துல வந்து உட்கார்ந்து, தோள்ல கை போட்டுப் பேசுற மாதிரி இருக்கு. அதுக்காகத்தான் நான் சேர்ந்ததே.

அக்கா: யாருடா அந்தப் பேய்?

தம்பி: நீதான். இங்க வேற யாரு? வலது கண்ணுல மை அப்படியே இருக்கு பாரு.

அக்கா: இருக்கட்டும். ரெண்டு பேரும் ஏன் திருட்டு முழி முழிக்கிறீங்க?

தம்பி: ஒண்ணுமில்லக்கா, சும்மா பழைய கதை...

அக்கா: புதுசு, அந்த முதல் பாட்டோட கடைசிப் பகுதியை வாசி. பட்டனை அமுக்காம.

தம்பி: எந்தப் பட்டன்? ...அக்கா, கேட்டுட்டியா?

அக்கா: சுவர் முழுக்க முட்டைத் தட்டை ஒட்டிட்டா சத்தம் வெளிய போகாதுன்னு உனக்கு யாருடா சொன்னது?

தம்பி: சரி, கேட்டுட்ட. அதுக்காக இப்பவே பாடணுமா? போட்டோவுக்கு நின்னு களைச்சுப் போயிருக்க. டீ வரட்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம்...

அக்கா: நீ மேடைக்குன்னு வாங்கின அந்தச் சவப்பெட்டி மேல உட்காரு.

தம்பி: உள்ள ஒயரெல்லாம் வச்சிருக்கேன்.

அக்கா: மேலதானே உட்காரச் சொன்னேன்? உள்ள படுக்கவா சொன்னேன்?

தம்பி: அக்கா, கெஞ்சிக் கேக்கிறேன். எட்டலன்னா...

அக்கா: எட்டலன்னா எங்க போயிடப் போறேன்? உட்காரு. நீ வாசிம்மா.

புதுசு: அண்ணா...?

அக்கா: அண்ணனை ஏன் பார்க்கிற? கீபோர்டு உன்னுதுதானே? ...ம், அதேதான். இன்னும் கொஞ்சம் மெதுவா. ...இருளே வா... என் இருளே வாஆஆஆஆஆ!

புதுசு: அண்ணா. எட்டிருச்சு.

தம்பி: எட்டிருச்சு...

புதுசு: கடைசியில மட்டும் ஓரமா லேசா கிழிஞ்ச மாதிரி...

அக்கா: கிழியணும்மா. பேய் என்ன வழவழன்னா கத்தும்?

தம்பி: அப்போ அந்த மேடையில?

அக்கா: அன்னைக்கு நிஜமாவே காய்ச்சல்டா. வாயைத் திறந்து சொன்னேன். நீதான் நம்பல.

தம்பி: சுருதி இறங்கினது உனக்குத் தெரியுமா?

அக்கா: முதல் அரைக் கட்டையிலேயே தெரியும். தினம் ஏறுற மாடியில ஒரு படியை எடுத்துட்டா காலுக்குத் தெரியாதா?

தம்பி: தெரிஞ்சுமா கீழயே பாடின? இத்தனை வருஷமா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல!

புதுசு: நான் வேணா வெளிய நிக்கட்டுமாக்கா?

அக்கா: எதுக்கு? நீயும் இந்தப் பேண்டுதானே, இரு. ...காய்ச்சலோட பாடின அந்த ஷோ முடிஞ்சு பார்த்தா, இவன் மேடைக்குப் பின்னாடி வெந்நீர்ல இடது கையை முக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கான். என்னடான்னா, சுளுக்குன்னான். அடுத்த வாரம் கம்பி தளர்ந்திருந்துச்சு. தளர்ந்த கம்பின்னா அமுக்க அவ்வளவா தெம்பு வேணாம். சரி, இவனுக்கு விரல் முடியல, சொல்லக் கூச்சப்படுறான்னு நெனச்சேன்.

தம்பி: அக்கா...

அக்கா: கேட்டா என்ன சொல்லுவ? "வேற ஆளைப் போட்டுக்கோ, நான் விலகிக்கிறேன்"னு கிளம்பியிருப்ப. நீ இல்லாத மேடையில எனக்கு என்னடா வேலை? அதான் கேக்கல. நீ எங்க இறங்குறியோ அங்க நானும் இறங்கிட்டேன்.

புதுசு: ஐயோ! இவர் உங்க தொண்டைக்காக இறங்க, நீங்க இவர் விரலுக்காக இறங்க... யாருக்குமே ஒண்ணும் இல்லாமலே ஒண்ணரைக் கட்டை இறங்கி வந்திருக்கீங்க!

அக்கா: வந்தது நல்ல இடத்துக்குத்தான். கீழ பாடப் பாட எனக்கே பிடிச்சுப் போச்சு. தோள்ல கை போட்டுப் பேசுற பேய்... நல்லாத்தான் சொன்ன. புது ரெக்கார்டு முழுக்க கீழதான். அந்தப் பட்டனை அமுக்கும்மா.

புதுசு: அமுக்கிட்டேன்க்கா!

அக்கா: பாரு, நான்தான் லூசு மாதிரி என்னென்னவோ கற்பனை பண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். விரல்ல ஒண்ணும் இல்லைல்ல? ...டேய், உன்னைத்தான். கையை ஏன் பின்னாடி கொண்டு போற?

தம்பி: முதல் அரைக் கட்டை உனக்காகத்தான்க்கா, சத்தியமா. மத்த ரெண்டும்... வலி தாங்கல.