கயிறு கட்டிய கரை

— முடியாது, யல்ஷா. வெள்ளத்துல உங்க மில்லு அக்கரைக்கு அடிச்சிட்டுப் போச்சுங்கிறதுக்காக, ஒரு குரோவேஷிய மில்லை ஹங்கேரிக்காரனுக்கு எழுதிக் குடுக்க எனக்குக் கை வராது.

— பாருங்க விலிம் ஐயா, அது ஆத்துல படகு மேல மெதக்குற மாவு மில்லு. கயிறு எந்தக் கரையில கட்டியிருக்கோ அதுதான் அதுக்கும், அதுல பொழைக்கிற எனக்கும் ஊரு. மூணு மாசமா அக்கரையில கெடக்கு. ‘இந்தக் கரையில இல்லை’ன்னு உங்க பதிவேட்டுல ஒரு வரி எழுதி, சீட்டு குடுங்க. போயிடறேன்.

— அதாவது, அறுந்தது ஒரு கயிறு. அவ்வளவுதானே? நானே ரெண்டு ஆளை அனுப்பறேன். இழுத்து இங்கேயே கட்டிக்கலாம்.

— வேணாம்.

— கரை மாறினா ராஜ்யமே மாறிடும். புரியுதா?

— ராஜா மாறலையே. அக்கரை ஆபீசுலயும் இதே கிருதாக்காரர் படம்தான் தொங்குது.

— ராஜா ஒருத்தர்தான். கிரீடம் வேற. அதாவது, முப்பத்தேழு வருஷம் முன்னாடி ஹங்கேரியோட ஒப்பந்தம் போட்டோம். ரயிலு, வரிப்பணம் எல்லாம் அவங்க கைக்குப் போச்சு. கோர்ட்டு, பள்ளிக்கூடம், கோயிலு, நம்ம பாஷை, இவ்வளவுதான் நமக்குன்னு மிச்சம். அதையும் மில்லு மில்லா அவுத்து விடச் சொல்றீங்க.

— அந்த மிச்சம்தான் ஐயா என் கழுத்தைப் பிடிக்குது. என் புருஷன் மதியாஷ் அமெரிக்கா போயி ஒன்பது வருஷம். அங்க இன்னொருத்தியோட குடும்பம் நடத்துறான். ரெண்டு புள்ளைங்க. அவனே கடுதாசி போட்டிருக்கான். இதுக்கு நம்ம சட்டம் என்ன சொல்லுது?

— கல்யாணம் கோயில் விஷயம். ரெண்டுல ஒருத்தர் சாகுற வரைக்கும் நிக்கும்.

— அக்கரைச் சட்டம்?

— கோர்ட்டுல பிரிச்சு விட்டுருவாங்க. மறுகல்யாணமும் பண்ணிக்கலாம். பத்து வருஷமா அங்க அப்படித்தான்.

— அப்போ என் கயிறு அங்கேயே கெடக்கட்டும்.

— ஓ. மாப்பிள்ளை பாத்தாச்சா?

— பாத்தாச்சு.

— அக்கரைப் போலீஸ்காரனா? மீசையில மெழுகு தடவி முறுக்கிக்கிட்டுத் திரியறானே, அவனா? இப்பத்தான் விளங்குது, இந்தச் சீட்டுக்கு ஏன் இவ்வளவு அவசரம்னு.

— மாப்பிள்ளை சுத்தக் குரோவேஷியாக்காரர். இந்த வராஷ்தின் ஊர்தான். ரயில் டிக்கெட்டுல ஹங்கேரி எழுத்து அச்சடிச்சிருக்குன்னு, வண்டி ஏற மாட்டேன்னு சாக்ரெப் வரைக்கும் நடந்தே போனவரு. திரும்பி வந்து ஒரு வாரம் செருப்புப் போட முடியல.

— நடந்தே போனவரா?

— ஏன் ஐயா பேனாவைக் கீழ வச்சிட்டீங்க?

— அப்படி நடந்து போன முட்டாள் இந்த ஊர்ல ஒருத்தன்தான்.

— ஆமா.

— அவன் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லையே, யல்ஷா.

— கேக்கல. சனிக்கிழமை தவறாம ஒரு மூட்டை மக்காச்சோளத்தைத் தூக்கிட்டு அரைக்க வருவாரு. பொண்டாட்டி செத்து ஆறு வருஷம், வீட்டுல ஒத்தை ஆளு. ஒத்தை வயித்துக்கு வாரம் ஒரு மூட்டை மாவு எதுக்குன்னு நானும் கேக்கல.

— பன்னிக்குப் போடுறேன்.

— உங்ககிட்ட பன்னி இல்லைங்க.

— அதாவது... அங்க பண்ற கல்யாணம் இந்தக் கரையில செல்லாது. ஊரு வாயில விழணும். இந்த நாற்காலியும் போயிடும். இருபத்திரண்டு வருஷம் ஆச்சு இதுல உக்காந்து.

— தெரியும். அதனாலதான் அங்க போயி மனுக் குடுக்கிறதுக்கு முன்னாடி இங்க வந்தேன். மனசு இல்லைன்னா சொல்லிடுங்க, வருத்தமா இருக்கும், ஆனா கோவிச்சுக்க மாட்டேன். சொன்னீங்களே, அந்த ரெண்டு ஆளை அனுப்புங்க. மில்லை இழுத்து இங்கேயே கட்டிக்கிறேன்.

— ஆளு எதுக்கு? இருங்க. அந்தப் பதிவேட்டை இப்படித் தள்ளுங்க. ‘மார்ச் ஒன்பதாம் தேதி திராவா ஆத்துல வந்த வெள்ளத்துல கயிறு அறுந்து...’ சரிதானே?

— பதினொண்ணுன்னு எழுதுங்க. வெள்ளம் அந்தக் கயித்தை ஒண்ணும் பண்ணல. தண்ணி வடிஞ்சப்புறம் நான்தான் அவுத்தேன்.