புழு அறைக் கதவு

அலங்கார மீன்களுக்குப் பசி அடங்கவே அடங்காது, சார். இப்போதுதான் தீனி போட்டிருப்போம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும், கண்ணாடியோரம் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். முன்பெல்லாம் பார்த்துச் சிரிப்பேன். இப்போது தொட்டிகளின் மேல் சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் வேலை செய்கிறேன்.

பண்ணை அண்ணனுக்கும் எனக்கும் பொது. அழகுக்கு வளர்க்கிற நாலு மீனுக்காகக் கடல் மீனைக் கூடை கூடையாகப் பிடித்துப் பொடியாக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் வீட்டின் பின்பக்க அறையில் ஈப் புழு வளர்த்தேன். அழுகிய காய்கறியைக் கொட்டினால் தின்று கொழுக்கும். காயவைத்து அரைத்தால் தீனி. அதைத் தின்று மீன்களுக்கு ஏறிய நிறத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளைகுட்டி இல்லை. அந்த அறைதான் எல்லாம்.

அண்ணனுக்கு அந்தத் தூள் ஆகவில்லை. முதலில் உடம்பெல்லாம் தடித்தது. பிறகு ஒருநாள் தொண்டை வீங்கி, போய்விடுவான் என்றே பயந்துவிட்டேன். இறால் ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது என்றார் டாக்டர். அவசரத்துக்கு ஓர் ஊசியும் கொடுத்தார். அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

"ஒண்ணு நான் இருக்கணும், இல்ல உன் புழு இருக்கணும். நீயே சொல்லுடா" என்றான்.

கோபத்தில் கேட்டதுதான். ஆனாலும் நியாயமான கேள்வி. நிதானமாக யோசித்தேன்.

மறுநாள் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, புழுத் தட்டுகளை அவனே காலி செய்யக் கிளம்பினான். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனான். அழுக்காக இருந்ததால் துவைக்க எடுத்து வைத்தேன். அரவை மெஷினும் அந்த அறைக்குள்தான். அரைக்கும்போது அதன் மூடியை இறுக்கி, தூசியை வெளியே தள்ளும் ஃபேனைப் போடுவது எங்கள் வழக்கம். அன்று காய்ந்த புழுவை நிரப்பி, மூடியை முன்பே கழற்றி வைத்திருந்தேன். சுவிட்ச் இரண்டும் வெளியேதான் இருக்கின்றன. மெஷினை மட்டும் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணி வந்தாள்.

"என்னப்பா, யாரோ தட்டுற மாதிரி இருக்கு?"

"மெஷின் சத்தம், அண்ணி. அவன் கடைக்குப் போயிருக்கான்."

"வந்ததும் சாப்பிட அனுப்பு. நீயும் வந்துரு."

அவன் எப்போது திரும்பி வந்து உள்ளே போனான் என்றே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னேன். நம்பினாள். இன்றும் எனக்குச் சோறு போட்டுவிட்டு, "பாவம், நீயும் ஒண்டியாயிட்டே" என்பாள். அப்போது எனக்கு அழுகை வரும். நிஜமான அழுகைதான், சார். அவன் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்தக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது. அவன் உள்ளிருந்து தள்ளினான். அண்ணியோடு பேசும்போதும் நான் தோளைக் கொடுத்துச் சாய்ந்தபடியேதான் நின்றேன். தட்டுவது நின்றபிறகும் நின்றேன்.

ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். திறந்தால் தூள் வீடெல்லாம் பரவிவிடும், சார். அண்ணனுக்கு அது ஆகாது.