கிராபிக்ஸ் கார்டு மாற்றுவதாகச் சொல்லி எடுத்துச் செல்லப்பட்ட லேப்டாப் குறித்து சந்திரகலா கொடுத்த வாக்குமூலம்

என் பெயர் சந்திரகலா, வயது 34, கணவர் பெயர் குமரேசன். திருவண்ணாமலை வேங்கிக்கால் பொன்னி நகரில் குடியிருக்கிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கு, அதன் முகப்பு எப்படி அமையும் என்பதைக் கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் கொடுப்பது என் தொழில். என் கணவரின் தொழில் என்ன என்று கேட்டதற்கு, அவர் பல தொழில்களைத் தொடங்கியவர் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

என் லேப்டாப் என் சம்பாத்தியத்தில், என் பெயரில் ரசீது போட்டு வாங்கியது. சென்ற மாசி மாதம், கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஜானி பாஷா அவர்களின் மாடி வீட்டுப் படம் பாதியில் இருந்தபோது, லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று நான் வாய்விட்டுச் சொன்னது உண்மை. அதைக் கேட்ட என் கணவர், "கிராபிக்ஸ் கார்டு பவர் கம்மி. முருகவேல் கிட்ட குடுத்து பெரிய கார்டா மாத்திக்கினு வர்றேன்" என்றார். முருகவேல் அவருடைய நண்பர். என் லேப்டாப்பில் அந்தக் கார்டு தனியாகக் கழற்றி மாட்டும் பொருள் அல்ல, மதர்போர்டிலேயே பற்றவைத்தது, மாற்ற முடியாது என்று நான் சொன்னேன். அதற்கு அவர், "உனக்கு இன்னா தெரியும்" என்றார். அதன் பிறகு நான் ஒரு திருமணத்துக்காக ஆரணி சென்றிருந்தபோது, என்னைக் கேட்காமலே லேப்டாப்பை எடுத்துச் சென்றுவிட்டார்.

நான் திரும்பி வந்தபோது மேசையில் அதே கம்பெனியின் கறுப்பு லேப்டாப் ஒன்று இருந்தது. புதிய கார்டின் பெயர் போட்ட ஸ்டிக்கர் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது. என் விரல் பட்டு எழுத்து தேய்ந்த பொத்தான்கள் எல்லாம் புதிதாகியிருந்தன. கேட்டதற்கு, "பெரிய கார்டு போட்டா கீபோர்டும் சேத்து மாத்தணுமாம்" என்றார். மூடியில் இருந்த கீறலைக் காணோம் என்றேன், பாலிஷ் போட்டதாகச் சொன்னார். என் படங்கள் எங்கே என்றேன், புது கார்டு பழைய பைல்களை ஏற்றுக்கொள்ளாது என்றார். ஒரு மனிதர் எவ்வளவு தூரம்தான் போவார் என்று பார்ப்பதற்காகவே நான் மேலும் மேலும் கேட்டேன்.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் லேப்டாப் மூடியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வழக்கம், அது உலர்ந்து கறையாக நிற்கும். இந்த லேப்டாப்பிலும் அதே மூலையில் பொட்டு இருந்தது. தொட்டபோது சந்தனம் ஈரமாக விரலில் ஒட்டியது. ஆயுத பூஜை போய் மாதங்கள் ஆகின்றன. பூஜை அறையில் விளக்குத் திரியைக்கூடத் தூண்டிவிடாதவர், அன்று சந்தனம் குழைத்து இடம் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். பொட்டு வைத்துவிட்டால் எந்த டப்பாவையும் என்னுடையது என்று நம்பிவிடுவேன் என நினைத்த இந்த மூளைதான் எனக்குக் கார்டைப் பற்றிப் பாடம் நடத்தியது.

அதன் பிறகு செங்கம் சாலையில் முருகவேல் புதிதாகத் திறந்திருக்கும் கேம் சென்டருக்கு நேராகச் சென்றேன். என் கணவரும் பைக்கில் பின்னாலேயே வந்தார். வாசலில் இருந்த பிளெக்ஸ் பேனரில் என் கணவர் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு பங்குதாரர் என்று சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய பங்கு என்னவென்று உள்ளே போனதும் தெரிந்தது. உலர்ந்த கறையுடன் என் லேப்டாப் மேசை மேல் இருந்தது, யாரோ ஒருவர் அதில் துப்பாக்கிச் சண்டை ஆடிக்கொண்டிருந்தார். முருகவேல், "அண்ணி, இது வேறங்க. ஒரே மாடலு, அதான் உங்களுக்கு அப்படித் தோணுது" என்றார். நான் திரையைப் பூட்டிவிட்டு, கைரேகை வைக்கும் இடத்தில் என் விரலை வைத்தேன். என் பெயரைக் காட்டித் திறந்தது. முருகவேல் என் கணவரைப் பார்த்தார், என் கணவர் மின்விசிறியைப் பார்த்தார்.

அதன் பிறகு என் படங்கள் இருந்த இடத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. "கேம் ஏத்த இடம் பத்தலைங்க அண்ணி. ஏதோ வீட்டுப் படமா ஜாஸ்தி இருந்துச்சு, தூக்கிட்டேன்" என்றார் முருகவேல். எங்கள் வீட்டில் உலை கொதிப்பது அந்தப் படங்களால்தான், அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்த என் கணவர், "படம்தானே கலா, மறுபடி போட்டுக்கலாம்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்பாக இருந்தது. அங்கிருந்து நேராக இந்த நிலையத்துக்கு வந்தேன்.

என் லேப்டாப்பை மேற்கொண்டு யாரும் இயக்காமல் உடனே கைப்பற்றினால் அழித்த படங்களை மீட்க வழி உண்டு. இது குடும்ப விஷயம், கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பிவிடலாமே என்று, என் பின்னாலேயே இங்கும் வந்த என் கணவர் கேட்டுக்கொண்டதில் எனக்குச் சம்மதமில்லை. இருவர் மீதும் நடவடிக்கை வேண்டும், அதில் என் கணவர் பெயர் முதலில் வர வேண்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் 'கணவரின் லேப்டாப்' என்று இருந்தது. அதை அடித்துவிட்டு 'என் லேப்டாப்' என்று எழுதச் சொல்லி, திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். இனி இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்)
சந்திரகலா