ஒரே விலையில் வாங்கிய இருவர்

அவைக்குத் தலைமையேற்று அணிசெய்யும் டொக்டர் ஜெயரட்ணம் அவர்களே, இந்தச் சிட்னி மண்ணின் குளிரையும் கூலியையும் எமக்கு முன்னரே கண்ட பெரியோரே, குசினியில் பொங்கலை இறக்கிவைத்துவிட்டு இப்போதுதான் வந்து கதிரையில் சாய்ந்திருக்கும் தாய்மாரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

பங்குச்சந்தை பற்றிப் பேசப் பணித்தீர்கள். பாடம் நடத்த வரவில்லை. பட்டதைச் சொல்ல வந்தேன்.

எழுபத்தேழாம் ஆண்டு. நானும் உடன்பிறவாத் தம்பி கேதீஸ்வரனும் ஒரே நாளில், ஒரே சுரங்கக் கம்பனியின் பங்குகளை, ஒரே விலையில் வாங்கினோம். பங்கு ஒரு டொலர். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு. பொறியியலாளனான எனக்கு அது சேமிப்பில் பத்தில் ஒன்று. செவன் ஹில்ஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்தும் அவனுக்கோ அதுதான் முழுச் சேமிப்பு. யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி சந்திரவதனாவையும் மகளையும் அழைக்க வைத்திருந்த விமானக் காசு.

மூன்றாம் வாரம் விலை சரிந்தது. எண்பது சதம். எழுபது. அறுபது. மதியந்தோறும் தொழிற்சாலை வாசல் ரெலிபோனில் அழைப்பான்.

“அண்ணை, இண்டைக்கு எவ்வளவு?”

“பொறு தம்பி, ஏறும்.”

“நீங்கள் பொறுக்கலாம். நான் அடுத்த மாதம் ரிக்கெற் எடுக்க வேணும். அவையின்ரை விசா முடிஞ்சுதெண்டால் என்ன செய்யிறது?”

“நீ ஒரு பயந்தாங்கொள்ளி” என்றேன்.

அவன் அறுபது சதத்தில் விற்றான். ஐந்தே வாரத்தில் அதே பங்கு ஒன்றரை டொலர்! எனக்கு அறுநூறு இலாபம்.

என்ன ஐயா, பின்வரிசையில்? “கடன் குடுத்திருக்கலாமே” என்கிறீர்களா? ஓம், கொடுத்திருக்கலாம். எனக்குத் தோன்றவேயில்லை. பிறகு இலாபத்தை நீட்டினேன். “வேண்டாம் அண்ணை, ஓவர்டைம் செய்யிறன்” என்றான்.

பதினான்கு மாதம் கழித்தே, விசாவையும் மறுபடி எடுத்து, அவர்கள் வந்திறங்கினார்கள். விமான நிலையத்தில் நானும் நின்றேன். நான்கு வயதுக் குழந்தை தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, தகப்பனைக் காட்டிக் கேட்டது: “அம்மா, இவர் ஆர்?”

அவையோரே! என் நிதானம் என் அறிவா? இல்லை, வங்கியில் கிடந்த மீதிப் பணம். அவன் அச்சம் அவன் கோழைத்தனமா? இல்லை, காலண்டரில் குறித்திருந்த நாள். உள்ளவன் விலையோடு மட்டும் மோதுகிறான். இல்லாதவன் விலையோடும் மோதுகிறான், நாளோடும் மோதுகிறான்! நாள் குறித்த காசைச் சந்தைக்குக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோய் இழந்தவனை இகழாதீர்கள்!

கேதீஸ், நீ மூன்றாம் வரிசையில் இருக்கிறாய். நான் அன்று சொன்னது பிழை. எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றி. வணக்கம்.